பச்சைத் துணிக்கு அந்தப்புறம்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 22, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஜவ்வாது மலையில் மூன்றாம் நாளாக மழை. காற்று இல்லாததால் மழை சாயாமல் நேராக இறங்கியது. மூடுபனி, கொடிக்கம்பத்தின் மேற்பாதியை மறைத்திருந்தது. அத்திக்கொல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தின் முகப்பில் நின்று மருத்துவர் பிரகாஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

நிலையத்தில் அப்போது இருந்தவர்கள் இருவர்: அவனும், பணியாளர் கோபால்சாமியும். தீபாவளிக்குப் போளூர் போன செவிலியர் ஈஸ்வரி முந்தின நாள் மாலை திரும்பியிருக்க வேண்டும். மலைப்பாதையின் ஏழாவது வளைவில் ஒரு பெரிய மரம் வேர்மண்ணோடு சரிந்து விழுந்து பேருந்தைத் தடுத்துவிட்டது. இரண்டாம் மருத்துவர் பணியிடம் பதினான்கு மாதங்களாகக் காலி.

மோட்டார் சைக்கிளின் ஓசை முதலில் வந்தது. பனிக்குள்ளிருந்து வண்டி பிறகு வந்தது. ஓட்டியவன் பிரகாஷின் தம்பி அசோக்குமார். பின்னிருக்கையின் ஓரத்தில் தாய் அம்மாக்கண்ணு. இருவருக்கும் நடுவில், சாமைக் குவியலை மூடும் தார்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அசோக்குமாரின் மனைவி அன்பரசி. எட்டு மாதக் கர்ப்பிணி.

வண்டி நின்றதும் பிரகாஷ் செய்த முதல் காரியம், இரண்டு அடி பின்வாங்கித் தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் யோசித்துச் செய்ததன்று. தம்பிக்குத் திருமணமான இந்த இரண்டு ஆண்டுகளில் கால்களே கற்றுக்கொண்ட பழக்கம்.

அத்திக்கொல்லையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கணவனின் அண்ணனுக்கு மூத்தார் என்று பெயர். மூத்தாரும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் தொடக் கூடாது. அவர் குரல் அவளுக்குக் கேட்கலாம். அவள் குரல் அவருக்குக் கேட்கக் கூடாது. அவர் வரும் வழியில் அவள் ஒதுங்குவாள். ஒதுங்க இடமில்லாத வழியானால் அவர் திரும்பிப் போவார். இதை யாரும் இழிவாகக் கருதவில்லை. மரியாதை என்றே இரு தரப்பும் நினைத்தன. தம்பி என்பதும் உடன்பிறந்தவனோடு நின்றுவிடாது; பங்காளி முறையில் தன்னைவிட இளையவன் எவனும் தம்பிதான். நிலையத்துக்கு உட்பட்ட பதினேழு ஊர்களில் ஒன்பது ஊர்க்காரர்கள் பிரகாஷுக்குப் பங்காளிகள்.

அந்த ஒன்பது ஊர்களிலிருந்து மருத்துவம் படித்த முதல் ஆள் அவன். 2023 மே மாதம் அவன் இங்கே பணியில் சேர்ந்தபோது, பேருந்து நிறுத்தத்திலிருந்து நிலையம்வரை மேளத்தோடு அழைத்துவந்தார்கள். மலையில் பிறந்தவனே மலைக்கு மருத்துவனாக வந்துவிட்டான், இனிக் குறை இல்லை என்று மேலதிகாரிகள் பேசினார்கள். ஓராண்டு கழிந்தபோது நிலையத்தில் மாதம் பதினொன்றாக இருந்த பிரசவங்கள் நான்காகக் குறைந்திருந்தன. மற்ற ஏழும் நடக்காமல் போய்விடவில்லை. வீட்டிலும், ஜீப்பிலும், அடிவாரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் நடந்தன. எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் ஏறக்குறைய இருபது சொற்களுக்கு இடம் இருந்தது. பிரகாஷ் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டு, "பணியாளர் பற்றாக்குறை" என்று நிரப்பி அனுப்பினான். அது பொய்யன்று, காரணமும் அன்று.

"ஊரு ஆம்பளைங்க உன்னெ டாக்டருன்றாங்க. பொம்பளைங்க மட்டும் மூத்தாருன்றாங்க" என்று அவனுடைய தந்தை அருணகிரி ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிரகாஷும் சிரித்தான்.

வழி ஒன்றை ஈஸ்வரியும் அவனுமாகக் கண்டுபிடித்தார்கள். பரிசோதனை அறையின் குறுக்கே, அறுவைக்கூடத்துப் பச்சைத் துணியை ஒரு கயிற்றில் தொங்கவிட்டார்கள். துணிக்கு அந்தப்புறம் கர்ப்பிணியும் ஈஸ்வரியும், இந்தப்புறம் மருத்துவர். ஈஸ்வரி அளவுகளைச் சொல்லுவார், அவன் எழுதுவான். அவன் கேள்விகளைச் சொல்லுவான், ஈஸ்வரி கேட்பார். பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான்கு, ஆறானது. அலுவலகம் பாராட்டி ஒரு வரி எழுதியது.

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள். அன்பரசி துணிக்கு அந்தப்புறம் வந்து உட்கார்ந்தாள். ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு என்றார் ஈஸ்வரி. எல்லைக்கு ஓரடி இந்தப்புறம். "தலைவலி, கண் மங்கல், வாந்தி, வயித்துவலி இருக்குதானு கேளுங்க சிஸ்டர்" என்றான் பிரகாஷ். ஈஸ்வரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அன்பரசி தலையை இடவலமாக ஆட்டினாள். "இல்லைங்க சார்" என்றார் ஈஸ்வரி. கர்ப்பிணி அட்டையில் பிரகாஷ் "தொந்தரவு ஏதும் இல்லை" என்று எழுதினான். வேறு பெண்ணாக இருந்தால் இரண்டு நாளில் திரும்ப வரச் சொல்லியிருப்பான். தம்பி மனைவியை அடிக்கடி வரவழைப்பதில் ஒரு கூச்சம் இருந்தது. "அடுத்த செவ்வாய்" என்று எழுதினான். அடுத்த செவ்வாய் தீபாவளிக்கு மறுநாள், விடுமுறை. அதை அவன் நாட்காட்டியில் பார்க்கவில்லை.

இப்போது அந்த அடுத்த செவ்வாய்க்கு மறுநாள், புதன்.

"பெரியவனே, நீ அந்தாண்டயே இரு" என்று அம்மாக்கண்ணு மழையிலிருந்தே குரல் கொடுத்தாள். "ராத்திரி பூரா புள்ள தூங்கல. கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குதாம். கையி காலு மொகம் எல்லாம் வீங்கிப் பூட்டுது. நீ பாக்காத, நான் சொல்றேன்."

"உள்ள படுக்க வையி. துணிய இழுத்து வுடு" என்றான் பிரகாஷ் தூணைப் பார்த்தபடி.

"சிஸ்டர் எங்கடா?"

"ரோட்ல மரம் வுழுந்துகீது. வரல."

அம்மாக்கண்ணு நின்றுவிட்டாள். தார்ப்பாயிலிருந்து வழிந்த நீர் அவள் கால்களைச் சுற்றித் தேங்கியது.

கோபால்சாமி போளூர்க்காரர்; பங்காளியல்லர்; அவர் தொட்டால் முறை கெடாது. அளவுப் பட்டையை அவரே அன்பரசியின் கையில் சுற்றினார். பொத்தானை அழுத்தினார். துணிக்கு இந்தப்புறம் பிரகாஷ் பேனாவோடு நின்றான்.

"நூத்தி எழுவத்திரண்டு, சார். கீழ நூத்திப் பதினாலு."

"இன்னொரு வாட்டி."

"நூத்தி எழுவது. நூத்திப் பதினாலு."

பிரகாஷ் பேனாவை வைத்தான். அந்த அளவுக்கு அடுத்தது வலிப்பு. வலிப்பு வந்தால் தாய் போகலாம், குழந்தை போகலாம், இருவரும் போகலாம். அவன் முகப்புக்கு ஓடி, நிலையத்தில் கைபேசிக்குச் சிக்னல் எட்டும் ஒரே இடமான தண்ணீர்த்தொட்டியின் மூன்றாம் படியில் ஏறினான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னான்; ஏழாவது வளைவுவரைதான் வர முடியும் என்றார்கள். பிறகு தாஹிராவை அழைத்தான்.

தாஹிரா வாணியம்பாடிக்காரர்; போளூருக்கு அருகில் அடிவார நிலையம் ஒன்றின் மருத்துவர்; பிரசவ அறை அனுபவத்தில் அவனைவிட ஆறு ஆண்டு மூத்தவர். ஜூன் மாதம், ஒரு கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது, இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று அவனைக் கேட்டவர். மலையில் மூன்றாண்டு பணி செய்தால் மேற்படிப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். அவருக்கு அது வேண்டும். மறுவாரமே பரஸ்பர இடமாறுதல் படிவத்தில் தம் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பியும்விட்டார். படிவம் நான்கு மாதங்களாகப் பிரகாஷின் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதே மதிப்பெண் அவனுக்கும் வேண்டும். அவனுக்கு மூன்றாண்டு முடிய ஏழு மாதமே பாக்கி.

"முட்டிய தட்டிப் பாத்தீங்களா? எப்படித் துள்ளுது?" என்றார் தாஹிரா.

"பாக்கலைங்க மேடம்."

"வயிறு? கொழந்தை அசைவு?"

"பாக்கலைங்க."

"ஏன்?"

"என் தம்பி சம்சாரம்ங்க."



"எங்க காலா, அம்மா கூடப் பொறந்தவங்க ஒருத்தங்க, ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட மாட்டேன்னு மார்ல கட்டிய ரெண்டு வருசம் மறைச்சாங்க பிரகாஷ். அதனாலதான் என்னெ டாக்டருக்குப் படிக்க வெச்சாங்க. அத அப்பறம் பேசலாம். வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் வெச்சிருக்கீங்கல்ல? முழு டோஸ் போடுங்க. அரை மணிக்கு ஒரு தரம் முட்டிய தட்டிப் பாருங்க, மூச்ச எண்ணுங்க. துள்றது நின்னுச்சுன்னா மருந்து அதிகமாய்டுச்சுன்னு அர்த்தம். இத யாரும் சொல்லி எழுத முடியாது, நீங்கதான் பாக்கணும். பாத்துட்டு கூப்டுங்க. பாக்காம கூப்டாதீங்க."

அவன் அறைக்குத் திரும்பியபோது, பச்சைத் துணியின் முன் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள்.

"ஊசி போடணும்மா. நரம்புல ஒண்ணு, இடுப்புல ரெண்டு பக்கமும் ஆழமா ரெண்டு."

"கோபால்சாமி போடட்டும். அவரு வெளியாளு."

"நான் தரை தொடைக்கறவன்மா" என்றார் கோபால்சாமி. "நான் ஊசி போட்டா என் வேலையும் பூடும், சாரோட சீட்டும் கிழியும். அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவும்னும் எனக்குத் தெரியாது."

"அப்ப நான் போடறேன். எங்க குத்தணும்னு நீ சொல்லு."

பிரகாஷ் மருந்துக் குப்பிகளை எடுத்து வைத்தான். அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் உன்னெ தடுக்கலடா. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஆசையில்லியா? நீ தொட்டுட்டு இங்கியே குவாட்டர்ஸ்ல பட்துக்குவ. அது நாளைக்கு எந்த வூட்டு வாசல்ல போய் நிக்கும்? மூத்தாரு இடுப்புல ஊசி போட்டாருன்னு தண்ணி எடுக்கற எடத்துல பேசுவாங்க. களத்துல சாமை குவிஞ்சு கெடக்குது. ஒருத்தன் வந்து கை குடுக்க மாட்டான். மழையில மொளைச்சிப் பூடும்."

"மொளைக்கட்டும்" என்றான் அசோக்குமார். அவன் அதுவரை வாய் திறக்கவில்லை. "எம்மா, நவுரு."

"உன்னெக் கேக்கல நான்."

"நான் கேக்க வேண்டியது உங்க ரெண்டு பேரையும் இல்ல" என்றான் பிரகாஷ்.

அவன் துணியை ஒதுக்கினான். கயிற்றில் வளையங்கள் உரசும் ஒலி கேட்டது. கட்டிலில் அன்பரசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்; முந்தானையைத் தலைக்கு இழுக்க முயன்றாள்; வீங்கிய விரல்கள் மடங்கவில்லை. அவள் பெயரை ஏழு முறை அட்டையில் எழுதியிருந்தான். ஒரு முறையும் வாயால் சொன்னதில்லை.

"அன்பரசி. தலை வலிக்குதாம்மா?"

அவள் தலையை இடவலமாக ஆட்டினாள்.

"தலைய ஆட்டாத. நீ ஆட்டறத நம்பி ஒரு தரம் தப்பா எழுதிட்டேன். வாயால சொல்லு."

மழை ஓட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பத்து நாளா வலிக்குதுங்க."

மெல்லிய குரலன்று, சற்றுக் கரகரத்த, வயலில் ஆள் கூப்பிடும் குரல். இரண்டு ஆண்டுகள் ஒரே குடும்பத்தில் இருந்தும் பிரகாஷ் அதைக் கேட்டதில்லை.

"அன்னைக்கு சிஸ்டர் கேட்டாங்களே."

"வலிக்குதுன்னா, எப்பத்துலேந்துனு கேப்பாங்க. எந்தப் பக்கம்னு கேப்பாங்க. வாயத் தொறக்கணும். நீங்க அந்தாண்ட நின்னுக்கினு இருந்தீங்க."

பிரகாஷ் ஒரு கணம் கயிற்றில் ஒதுங்கிக் கிடந்த துணியைப் பார்த்தான்.

"இப்ப நான் தொட்டு ஊசி போடணும். அப்பறமும் தொட்டுத் தொட்டுப் பாக்கணும். உனக்குச் சம்மதமா? உன் வூட்டுக்காரனுக்கா, எங்க அம்மாவுக்கானு கேக்கல."

"புள்ள பொழைக்குமாங்க?"

"தெரியலம்மா. மொதல்ல நீ பொழைக்கணும்."

"போடுங்க" என்றாள் அன்பரசி சுவரைப் பார்த்தபடி.

அம்மாக்கண்ணு வந்து அவள் தலைமாட்டில் நின்று, தன் புடவைத் தலைப்பை விரித்து அவள் முகத்தை மட்டும் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். நரம்பில் மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும். பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்து ஏற்றினான். பிறகு மற்ற இரண்டு ஊசிகள். பிறகு அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினான். கால் வேண்டிய அளவுக்கு மேல் உதறியது. பாதத்தை விரலால் அழுத்தினான். குழி விழுந்து, நெடுநேரம் குழியாகவே நின்றது. பதினான்காம் தேதியே ஒரு முறை அழுத்திப் பார்த்திருந்தால் இந்தக் குழி தெரிந்திருக்கும். ஈஸ்வரி மீது குறை இல்லை. கேள்விகளையும் அளவுகளையும்தான் அவரிடம் ஒப்படைத்திருந்தான். விரலை ஒப்படைக்க முடியாது.

அசோக்குமார் ஊருக்குப் போய் ஆட்களைத் திரட்டினான். ஒன்பது பேர் கோடாரியும் கடப்பாரையும் கயிறுமாக ஏழாவது வளைவுக்கு நடந்தார்கள். எல்லோரும் பங்காளிகள். நிலையத்தின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்; யாரும் கேட்கவில்லை. மழையில் ஊறிய மரம் கோடாரியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஒரு வெட்டுக்கு ஒரு முறை கோடாரியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு அழுத்தம் நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூற்று நான்கு. முழங்கால் துள்ளியது. பத்து மணிக்கு நூற்று ஐம்பதுக்கு நூறு. முழங்கால் துள்ளியது. ஒவ்வொரு முறையும் அம்மாக்கண்ணு தலைப்பை விரித்தாள். ஒவ்வொரு முறையும் சிறிது தாமதமாக விரித்தாள். பதினொரு மணிக்கு மறந்துவிட்டாள்.

அப்போது அருணகிரி களத்திலிருந்து வந்தார். தலையில் கோணிப்பை, கையில் தூக்குப்போசி. வாசற்படியில் நின்று, மகன் மருமகளின் முழங்காலைத் தட்டுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே திரும்பி நின்றார்.

"சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் கொண்டாந்தேன். யாரு சாப்புட்றீங்க?"

கோபால்சாமி வாங்கிக்கொண்டார்.

"களம் இன்னாச்சுங்க?"

"இன்னா ஆவும். நனையுது." அருணகிரி கோணிப்பையை உதறினார். "கோபால்சாமி, அந்தச் சுத்தியால தட்டினா நோவு எறங்குமா?"

"அது பாக்கறதுக்குங்க. எறக்கறதுக்கு இல்ல."

"பாக்கறதுக்கே இத்தினி நேரமா" என்றார் அருணகிரி. அவர் குரலில் கேலி இருந்தது, கண்களில் இல்லை.

ஒன்று இருபதுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பிரகாஷ் உடன் போக முடியாது. நிலையத்தில் வேறு மருத்துவர் இல்லை. நேரமும் அளவும் மருந்தும் எழுதிய இரண்டு பக்கத் தாளை ஆம்புலன்ஸ் செவிலியரிடம் கொடுத்தான். தாளின் மேல் வரியில், "தலைவலி: பத்து நாள்" என்றிருந்தது. கதவு மூடும்முன் அன்பரசி ஏதோ சொன்னாள். வண்டியின் இரைச்சலில் கேட்கவில்லை. அன்றிரவு மாவட்ட மருத்துவமனையில் அறுவை மூலம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ எழுநூறு கிராம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள். தாய் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள்.

அம்மாக்கண்ணு சொன்னது நடந்தது. சாமை அடிக்க ஒருவரும் வரவில்லை. மரத்தை வெட்டிய ஒன்பது பேரும் வரவில்லை. யாரும் திட்டவில்லை; சண்டையிடவில்லை; களத்தின் ஓரமாகப் போகிறவர்கள் வேறு வழியாகப் போனார்கள், அவ்வளவுதான். அருணகிரியும் அசோக்குமாரும் இருவராகக் கதிரை உலர்த்தி, இருவராக அடித்துத் தூற்றினார்கள். கால் பங்கு முளைத்துவிட்டது. பதினெட்டு நாள் இப்படிக் கழிந்த பிறகு, நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது ஊர்க்காரர்களும் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரியின் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். பிரகாஷ் போகவில்லை, அன்று நிலையத்தில் பாம்புக்கடி ஒன்று வந்திருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அருணகிரி குவாட்டர்ஸ் கதவைத் தட்டினார். வெளுத்த சட்டை; தோளில் துண்டு; பேத்தியைப் பார்க்க ஏழே கால் பேருந்தில் கீழே போகிறவர். மழை விட்டிருந்தது. பிரகாஷ் பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தான்.

"தீர்ந்துச்சு" என்றார் அருணகிரி. "தீர்த்தகிரி நல்லாப் பேசனாரு. உயிரு போற நேரத்துல முறை பாக்கறதில்ல, பையன் தொட்டது தப்பில்லன்னாரு. இனியும் உயிரு போற நேரம்னா தொடலாம், ஊரு ஒண்ணும் கேக்காதுன்னாரு. எல்லாரும் தலையாட்டிட்டாங்க. இன்னைக்கு நம்ம களத்துக்கு ஆறு பேரு வர்றாங்க."

"சாமைதான் முடிஞ்சிப் போச்சே."

"அதுக்கு இன்னா. வர்றோம்னாங்க. வந்து டீ குடிச்சிட்டுப் போவாங்க." டீயை ஊதினார். "ஏன்டா, சந்தோசமா சொல்றேன். மொகம் இப்படிக்கீது?"

"உயிரு போற நேரம்னு யாரு நைனா சொல்றது?"

"நீதான். நீதானே டாக்டரு."

"பாத்தாத்தானே சொல்ல முடியும். தொட்டாத்தானே பாக்க முடியும்." பிரகாஷ் மேசை இழுப்பறையைத் திறந்தான். "இருபத்திரண்டாந்தேதி தொட்டது சரின்றாங்க. பதினாலாந்தேதி தொட்டிருந்தா?"

அருணகிரி யோசித்தார்.

"அன்னைக்கு ஒண்ணும் இல்லியே."

"அன்னைக்குத்தான் எல்லாம் இருந்துச்சு. அன்னைக்குத் தொட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. உயிரு போனாத்தான் தொடலாம்னா, அது போற வரைக்கும் துணிக்கு இந்தாண்ட நான் நின்னுக்கினு இருக்கணும்."

"ஊரு இவ்ளோ தூரம் எறங்கி வந்துகீது. ஒரே நாள்ல முழுசும் எறங்குமா? போவப் போவ மாறும்."

"மாறும் நைனா. யாருக்காவது இப்படி ஆவ ஆவத்தான் மாறும்."

அவன் படிவத்தை எடுத்து மேசைமேல் பிரித்தான். தாஹிராவின் கையெழுத்து, நீல மையில், ஜூன் மாதத் தேதியோடு இருந்தது. அருணகிரிக்குத் தம் பெயரை எழுதத் தெரியும். மற்றதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அலுவலகத் தாள் எது என்று தெரியும்.

"இன்னாது அது?"

"கீழ தாஹிரா மேடம் இங்க வர்றாங்க. நான் அவங்க எடத்துக்குப் போறேன். அவங்களுக்கு இங்க யாரும் தம்பி கெடையாது."

அருணகிரி டீத் தம்ளரைக் கீழே வைத்தார். 

"மூணு வருசம் இங்க இருந்தா மேல படிக்க மார்க்கு ஏறும்னியே. எவ்ளோ கீது?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசம் பொறுத்துக்கினு போவக் கூடாதா?"

"போவலாம். மார்க்கும் வரும்." பிரகாஷ் கர்ப்பிணிகள் பதிவேட்டைத் தட்டிக் காட்டினான். "ஆறு மாசத்துல நம்ம ஒம்போது ஊர்ல பதினெட்டுப் பேருக்கு நாள் வருது. பதினெட்டும் தம்பி சம்சாரம். எண்ணிப் பாத்தேன்."

"மேளம் அடிச்சிக் கூட்டிக்கினு வந்தேனேடா."

"தெரியும் நைனா."

"இன்னான்னு சொல்லுவேன் ஊர்ல? புள்ளய ஊரு வாணாம்னு சொல்லிச்சின்னா?"

"ஊரு வேணும்னுதான் சொல்லுது. பொம்பளைங்களுக்குத்தான் டாக்டர் இல்ல."

வெளியே பேருந்து, ஊர் எல்லைத் திருப்பத்தில் ஒலியெழுப்பியது. திரும்பி நிறுத்தத்துக்கு வர அதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். பிரகாஷ் உட்கார்ந்து தன் பகுதியை நிரப்பினான். பெயர், பணியிடம், சேர்ந்த நாள். இடமாறுதல் கோரும் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. இம்முறை அடிக்கவில்லை. நான்கு சொல் எழுதினான். கையெழுத்திட்டு, தேதி போட்டான்.

"இன்னா எழுதன? படி" என்றார் அருணகிரி.

"இது என் சொந்த ஊர்."

"சொந்த ஊரு ஓணும்னுதானே எல்லாரும் எழுதிக் கேப்பாங்க?"

"ஆமா."

அருணகிரி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்க்கவில்லை. சுவரோரம் கிடந்த, மருந்துப் பெட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, நீர் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தார்.

"மழை வந்தாலும் வரும்" என்றார். "நான் போற வழிதானே அந்தம்மா ஆஸ்பத்திரி? பேத்தியப் பாக்கறதுக்கு முன்னாடி எறங்கி அவங்க கையிலியே குடுத்துட்றேன். அந்தம்மா நல்லாப் பாப்பாங்களா?"

"நல்லாப் பாப்பாங்க."

"தொட்டு?"

"தொட்டு."

உறையின் வாயை அகலப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அருணகிரி கையை நீட்டினார். பிரகாஷ் படிவத்தை மடிக்காமல் அதில் வைத்தான்.